ஆலைச் சங்கு நின்ற பிறகு: மூடிக் கிடக்கும் தொழிற்சாலையை ஊர்ச் சொத்தாக்கத் தொடங்குகிறவர்களுக்கு

மூடிக் கிடக்கும் ஆலை ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேமராவோடு கிளம்புகிறார்கள். இல்லையென்றால் நல்ல கட்டடக் கலைஞர் யார் என்று விசாரிக்கிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடிப் போக வேண்டும். நன்றாகக் கட்டிய செங்கல் சுவர் கவனிப்பில்லாமலே இன்னும் பல வருஷம் நிற்கும். எண்பதைத் தொடும் ஓர் உலைத் தொழிலாளிக்கு அவ்வளவு காலம் இல்லை. எந்த வால்வை முதலில் திறக்க வேண்டும், எந்தச் சத்தம் வந்தால் ஓட வேண்டும், இரவு ஷிப்டில் யார் எங்கே தலை சாய்த்தார்கள் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும்.

பஞ்சாலை, சுரங்கம், இரும்பு உலை, மின் நிலையம், செங்கல் சூளை, கப்பல் பட்டறை, சரக்குக் கிடங்கு என்று எதுவாக இருந்தாலும் வேலையின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். இந்தத் துறையில் படிப்போ அனுபவமோ இல்லாத, ஆனால் தன் ஊரில் அப்படி ஓர் இடம் வீணாகப் போவதைத் தினமும் பார்த்து மனம் பொறுக்காதவருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்கள்

பத்துப் பேரைக் கண்டுபிடிப்பதை முதல் மாத வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய தொழிற்சங்கக்காரர்கள், ஓய்வூதியம் வாங்குகிறவர்கள், ஆலையை ஒட்டிய குடியிருப்புகளில் இன்னும் இருக்கும் குடும்பங்கள் ஆகியோரிடம் விசாரித்தால் ஒருவர் இன்னொருவரைக் காட்டிவிடுவார். மேலாளரையும் மேஸ்திரியையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வரக்கூடாது. துப்புரவு வேலை செய்தவர், கேன்டீனில் சமைத்தவர், ஒப்பந்தக் கூலியாக வந்து போனவர், கணக்கு எழுதியவர் எல்லோரும் வேண்டும். பெண்கள் செய்த வேலை ஆவணங்களில் மிகக் குறைவாகத்தான் பதிவாகியிருக்கும். அதைத் தனியாகத் தேடிப் போகவில்லை என்றால் கிடைக்காது.

பேட்டி எடுக்கும்போது "சொல்லுங்கள்" என்று கேட்பதைவிட "காட்டுங்கள்" என்று கேட்பது பல மடங்கு பலன் தரும். "உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் ஐந்து வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். "கேட்டுக்குள் நுழைந்ததும் எந்தப் பக்கம் திரும்புவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கை தானாக ஒரு திசையைக் காட்டும், கால் நடக்கத் தொடங்கும், பேச்சு பின்னாலேயே வரும். உள்ளே கூட்டிப் போவது பாதுகாப்பில்லை என்றால் ஒரு பெரிய தாளைக் கொடுத்து ஆலையை வரையச் சொல்லுங்கள். படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. எதைப் பெரிதாக வரைகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதிலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

விபத்துகளைப் பற்றிக் கேளுங்கள். வேலைநிறுத்தங்களைப் பற்றி, வேலையால் வந்த நோயைப் பற்றிக் கேளுங்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால், உதட்டசைவையும் கையசைவையும் வைத்தே பேசிக்கொள்ளும் ஒரு முறையை நெசவுக்காரர்கள் உருவாக்கியிருந்தார்கள். தறியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மெருகேற்றிவிட்டால் அந்த மொழியும் தெரியாது, அந்தச் சத்தத்தால் வந்த செவிட்டுத்தன்மையும் தெரியாது. பெருமையை மட்டும் சேகரித்தால் உங்கள் கையில் மிஞ்சுவது நிறுவனத்தின் விளம்பரப் புத்தகம்தான்.

பதிவு செய்வதற்கு முன் சம்மதம் வாங்குங்கள். பெயரை வெளியிடலாமா, குரலைப் பொதுவில் வைக்கலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பதிவுகளைக் குறைந்தது இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். பழைய சம்பளச் சீட்டு, அடையாள வில்லை, புகைப்படம் ஏதாவது காட்டினால் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொருளை வாங்கிவர அவசரப்பட வேண்டாம். அதைப் பத்திரமாக வைக்க உங்களிடம் இன்னும் இடம் இல்லை.

யாருடைய இடம்?

இந்தப் பகுதி சலிப்பூட்டும். ஆனால் தவிர்க்க முடியாது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, கடன் வழக்கு ஏதாவது ஓடுகிறதா, நிலப் பயன்பாட்டு விதி என்ன சொல்கிறது, மரபுச் சின்னமாகப் பட்டியலில் சேர்க்க உங்கள் பகுதிச் சட்டத்தில் வழி இருக்கிறதா, இடிக்க அனுமதி கேட்டு யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்ற ஐந்து கேள்விகளுக்கும் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். உரிமையாளரை எதிரியாக நினைத்துத் தொடங்காதீர்கள். காலி ஆலை அவருக்கும் காவல் செலவு, வரி, விபத்துப் பயம் என்று தலைவலியாகத்தான் இருக்கும். ஜப்பானில் 1872ல் அரசு கட்டிய டோமியோகா பட்டு ஆலை பல கைகள் மாறி 1987ல் உற்பத்தியை நிறுத்தியது. கடைசி உரிமையாளரான கட்டகுரா நிறுவனம் அதை விற்கவோ இடிக்கவோ இல்லை. தன் செலவிலேயே பராமரித்து, 2005ல் நகரத்திடம் ஒப்படைத்தது. 2014ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நடுவிலிருந்த அந்தப் பதினெட்டு வருஷப் பராமரிப்பு இல்லாவிட்டால் பட்டியலில் சேர்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

உள்ளே கால் வைப்பதற்கு முன்

அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். அனுமதி இருந்தாலும் தனியாகப் போகாதீர்கள். கைவிடப்பட்ட ஆலையில் கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை எல்லோரும் பார்த்து ஒதுங்கிவிடுவார்கள். தெரியாததுதான் ஆளைக் கொல்லும்.

மூடிய தொட்டி, குழி, நிலவறை எதற்குள்ளும் இறங்கவே கூடாது. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் மூடியிருந்த இரும்புத் தொட்டிக்குள் மூச்சுவிடத் தேவையான காற்றே இல்லாமல் போயிருக்கலாம். வாசனை எதுவும் வராது, எச்சரிக்கை எதுவும் இருக்காது, இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். மேல்தளத் தகடுகள் மேலே பார்க்க உறுதியாக இருக்கும், அடியில் துரு தின்றிருக்கும். பழைய கொதிகலன், நீராவிக் குழாய்களைச் சுற்றிய உறையிலும் கூரைத் தகட்டிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அது உடைந்து தூளாகிப் பறந்தால்தான் பெரிய ஆபத்து. அதனால் தொடாமல், பெருக்காமல், அளந்து சொல்லத் தெரிந்தவரை அழைக்க வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சுச் சேர்மம் இருக்கலாம். புறா எச்சம் குவிந்த அறையில் தூசியைக் கிளப்பினால் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்புண்டு.

அப்புறம் மண். அங்கே என்ன தொழில் நடந்தது என்று தெரிந்தால் மண்ணில் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தோல் பதனிட்ட இடத்தில் குரோமியம், மரத்தைப் பதப்படுத்திய இடத்தில் ஆர்சனிக்கும் கிரியோசோட் என்ற தார் எண்ணெயும், உலோக முலாம் பூசிய இடத்தில் குரோமியமும் சயனைடும். நிலக்கரியிலிருந்து வாயு தயாரித்த இடங்களில் தாரும் பென்சீனும் இருக்கும். அங்கே வாயுவைச் சுத்திகரித்த கழிவு, மண்ணில் அடர்நீலமாகவே தெரியும். அந்த நிறம் சயனைடு சேர்மத்தினுடையது. எது எங்கே கொட்டப்பட்டது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் மட்டும் போதாது. முதல் மாதத்தில் நீங்கள் தேடிப்போய்ப் பேசிய அந்தப் பத்துப் பேர் இங்கேதான் உங்களுக்குக் கை கொடுப்பார்கள். "கழிவு எண்ணெயை எங்கே ஊற்றுவீர்கள்?" என்ற ஒரே கேள்விக்குக் கிடைக்கும் பதில், மண் மாதிரியை எங்கே தோண்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

மண் கெட்டுப்போயிருக்கிறது என்பதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 1906 முதல் 1956 வரை ஓடிய வாயு ஆலையை, ரிச்சர்ட் ஹாக் என்ற நிலவடிவமைப்பாளர் பூங்காவாக மாற்றினார். 1975ல் அது திறக்கப்பட்டது. கோபுரங்களை இடிக்காமல் விட்டார்கள். கொதிகலன் கட்டடம் மக்கள் கூடி உட்காரும் இடமானது. வாயுவை அழுத்தும் இயந்திரங்கள் இருந்த கூடத்தில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். மண்ணை நுண்ணுயிர்களின் உதவியோடு சுத்தப்படுத்த முயன்றார்கள். ஆனாலும் பக்கத்து ஏரியில் இறங்கக் கூடாது என்ற தடை அங்கே இருக்கிறது. இப்படி ஒரு பகுதியைத் திறந்து இன்னொரு பகுதியை மூடி வைப்பதும் நேர்மையான தீர்வுதான்.

பொருள் போன பாதையை வரையுங்கள்

ஒரு தொழிற்சாலையைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த சிறந்த வழி, மூலப்பொருள் உள்ளே வந்த இடத்திலிருந்து சரக்கு வெளியே போன இடம் வரை தாளில் ஒரே ஒரு கோடு போடுவது. எங்கே இறக்கினார்கள், எங்கே தூக்கினார்கள், எங்கே சூடாக்கினார்கள், எங்கே எடை போட்டார்கள் என்று கோடு போகும். இதை முடித்ததும் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சண்டை பாதி தீர்ந்துவிடும். அழகான அலுவலக முகப்பு கோட்டிலேயே வராமல் போகலாம். யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாய்வுத் தளமோ கன்வேயர் பாலமோ கோட்டின் நட்ட நடுவில் இருக்கும். அதை இடித்தால் கதை இரண்டு துண்டாகிவிடும்.

ஜெர்மனியில் எஸன் நகரின் சோல்ஃபரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986ல் மூடப்பட்டு, 2001ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே நிலக்கரியைக் கழுவிப் பிரித்த பெரிய கட்டடம் இப்போது அருங்காட்சியகம். பார்வையாளர்கள் நகரும் படிக்கட்டில் 24 மீட்டர் உயரத் தளத்துக்குப் போய் அங்கிருந்து கீழே இறங்கி வருகிறார்கள். நிலக்கரியும் மேலே ஏறி, பிரிந்து பிரிந்து கீழே இறங்கியதுதான். அந்தப் பாதையிலேயே இப்போது மனிதர்கள் நடக்கிறார்கள்.

கோடு போட்ட பிறகு அறை அறையாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவு தெரிய ஓர் அளவுகோலை வைத்து, தேதியும் இடமும் எழுதி வையுங்கள். சுவரில் எழுதிய கணக்கு, சுண்ணக்கட்டிக் கிறுக்கல், எச்சரிக்கைப் பலகை எதையும் விட வேண்டாம். முதலில் காணாமல் போவது காகிதமும் சின்னப் பித்தளைச் சாமானும்தான். காயலான் கடைக்கு அது அரை மணி நேர வேலை.

தண்ணீரை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் கூரைக்கும் வடிகாலுக்கும் போடுங்கள். அடைத்துக் கிடக்கும் மழைநீர்க் குழாய் ஒன்று போதும், சில வருஷத்தில் ஒரு சுவரைச் சாய்த்துவிடும். தற்காலிகத் தகடு போட்டாலும் சரி, தார்ப்பாய் கட்டினாலும் சரி, தண்ணீர் உள்ளே வரக்கூடாது. சுவர் விரிசலில் முளைத்த செடியைச் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வேர் பெருத்துவிட்டால் இழுத்துப் பிடுங்காதீர்கள், சுவரும் கூடவே வரும். வெட்டி, வேரைச் சாகவிட்டு, அதன்பின் மெல்ல எடுக்க வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகளில் மிக மோசமானது பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சிமெண்ட் பூசுவது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அது செங்கலைவிடக் கடினமானதும்கூட. காரை உதிர வேண்டிய இடத்தில் செங்கல் முகம் செதில் செதிலாக உதிரும். சில வருஷம் கழித்துப் பார்த்தால் சிமெண்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும், நடுவில் செங்கல் குழிந்து போயிருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். அதேபோல் பழைய தூண் வார்ப்பிரும்பா எஃகா என்று தெரியாமல் யாரையும் வெல்டிங் செய்ய விடாதீர்கள். வார்ப்பிரும்பு எடையைத் தாங்கும், ஆனால் வளையாது. சூடு ஏறி இறங்கினால் வெடித்து விரியக்கூடும்.

சின்னதாகத் திறந்து பாருங்கள்

பெரிய திட்டம் தயாராகும் வரை கதவைப் பூட்டியே வைத்திருப்பவர்கள் கடைசியில் திட்டத்தை மட்டுமே வைத்திருப்பார்கள். பாதுகாப்பான ஒரு கூடம், ஒரு முற்றம், வருஷத்தில் சில நாள் போதும். பழைய தொழிலாளர்கள் தங்கள் பேரக்குழந்தைகளோடு வந்து நடக்கும் ஒரு நாள், நூறு அறிக்கைகள் சொல்லாததைச் சொல்லும். யார் எங்கே நின்று அழுகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், குழந்தைகள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் மனதில் வைத்திருக்கும் உதாரணம் பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரின் செஸ்க் பொம்பேயா என்ற கலை, விளையாட்டு மையம். முன்பு இரும்புப் பீப்பாய் செய்த தொழிற்சாலை அது. அதை மாற்றியமைக்கும் பொறுப்பு 1970களில் கட்டடக் கலைஞர் லீனா போ பார்டியிடம் வந்தது. ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்த்தபோது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அந்தக் காலிக் கூடத்தை ஏற்கெனவே தங்கள் இடமாக்கியிருந்தன. குழந்தைகள் ஓடியாடினார்கள், பெரியவர்கள் சமைத்தார்கள், பந்து விளையாடினார்கள். இதெல்லாம் இப்படியே தொடர வேண்டும் என்பதையே அவர் திட்டத்தின் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். செங்கல் கூடங்கள் அப்படியே நின்றன. உள்ளே நூலகமும் பட்டறைகளும் நாடக அரங்கும் வந்தன. பக்கத்தில் புதிதாக எழுந்த விளையாட்டுக் கோபுரங்கள் 1986ல் முடிந்தன. உங்கள் ஆலையிலும் யாராவது ஏற்கெனவே வந்து போய்க்கொண்டிருப்பார்கள். துரத்துவதற்கு முன் அவர்கள் எதற்காக வருகிறார்கள் என்று கேளுங்கள்.

இடத்தின் உடம்புக்கு ஏற்ற வேலை

"இங்கே என்ன கட்டலாம்?" என்று கேட்டால் எல்லா ஊரிலும் அருங்காட்சியகம், உணவகம், கலைக்கூடம் என்ற ஒரே பதில்தான் வரும். "இந்தக் கூடத்தால் மட்டும் செய்ய முடிந்தது எது?" என்று கேளுங்கள். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் 1985ல் நின்றுபோன இரும்பு ஆலையை இடிக்க வேண்டாம் என்று மக்கள் போராடினார்கள். பீட்டர் லாட்ஸ் வடிவமைத்த பூங்காவாக அது மாறியது. தடித்த கான்கிரீட் சுவர்கள் கொண்ட தாதுக் கிடங்குகளில் இப்போது மலையேறும் பயிற்சி நடக்கிறது. பழைய வாயுக் கொள்கலனில் தண்ணீர் நிரப்பி, ஆழ்நீச்சல் பழகுகிறார்கள். வார்ப்பு வேலைக்குப் பயன்பட்ட 49 இரும்புத் தகடுகளைத் தரையில் பரப்பி ஒரு சதுக்கம் அமைத்தார்கள். சூடும் அரிப்பும் ஏற்படுத்திய தழும்புகளோடே அவை அங்கே கிடந்து துருவேறுகின்றன. யாரும் அவற்றுக்கு வண்ணம் பூசவில்லை. எனக்கு மிகப் பிடித்த முடிவு அது.

எவ்வளவு மாற்றலாம் என்பதற்குப் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையில் எல்லோரும் மதிக்கும் வழிகாட்டு நெறி, ஆஸ்திரேலியாவில் 1979ல் உருவான பர்ரா சாசனம். தேவையான அளவுக்கு மாற்று, முடிந்த அளவுக்குக் குறைவாக மாற்று என்பது அதன் சாரம். பர்ரா என்பதே ஒரு பழைய தாமிரச் சுரங்க ஊர். தொழில் மரபுக்கென்றே 2003ல் ரஷ்யாவின் நிஸ்னி தாகில் நகரில் ஒரு சாசனம் ஏற்கப்பட்டது. இயந்திரங்களும் ஆவணங்களும் தொழிலாளர் குடியிருப்பும்கூட மரபுதான் என்று அது தெளிவாகச் சொல்கிறது. நடைமுறையில் இதற்கு எளிய பொருள் ஒன்றுண்டு. புதிதாகப் போடும் படிக்கட்டையும் தடுப்பையும் பின்னால் கழற்றக்கூடியதாகப் போடுங்கள், அவை புதியவை என்று பார்த்ததும் தெரியட்டும். எல்லா இயந்திரங்களையும் ஓரம்கட்டி ஒன்றை மட்டும் மேடையில் ஏற்றுவதைவிட, நின்ற இடத்திலேயே ஒன்றிரண்டை ஓடும் நிலையில் வைத்திருப்பது நல்லது.

பணமும் பொறுப்பும்

அமைப்பைப் பதிவு செய்யும்போது நிர்வாகக் குழுவில் பழைய தொழிலாளர்களுக்கும் அக்கம்பக்கத்தினருக்கும் வாக்குரிமையுள்ள இடம் கொடுங்கள். மாலை போட்டு உட்கார வைக்கும் கௌரவ இடம் போதாது. மானியம் வாங்கிக் கட்டடத்தைச் சீர்செய்யலாம். ஆனால் மின்கட்டணத்தையும் காவலாளி சம்பளத்தையும் வருஷா வருஷம் மானியம் கட்டாது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பெரிய கேபிள் தொழிற்சாலை ஒன்று உற்பத்தியை நிறுத்தியபோது, அதில் வாடகைக்கு வந்த கலைஞர்களும் சிறு தொழில்காரர்களும் சேர்ந்து அதைப் பிரித்து மாற்றியமைக்கும் திட்டத்தை எதிர்த்தார்கள். 1991ல் நகரத்துக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் வாடகை வருமானத்திலேயே அது நடக்கிறது. ஒரே பெரிய வாடகைக்காரரை நம்புவதைவிடச் சின்னச் சின்னதாகப் பலர் இருப்பது பாதுகாப்பு. ஒருவர் போனாலும் கதவு மூடாது.

யாருக்காகத் திறக்கிறோம் என்பதைக் குழு அடிக்கடி பேச வேண்டும். நியூயார்க்கின் ஹை லைன் இதற்கு ஒரு பாடம். 1980ல் கடைசி ரயில் ஓடிய உயர்மட்டச் சரக்குப் பாதை அது. இடிக்கப்பட இருந்ததை அப்பகுதியினர் இரண்டு பேர் 1999ல் தொடங்கிய ஓர் அமைப்பு காப்பாற்றியது. 2009ல் அது நடைபாதைப் பூங்காவாகத் திறந்தது. மக்கள் குவிந்தார்கள், சுற்றியிருந்த நிலத்தின் விலையும் வாடகையும் ஏறின. பக்கத்திலேயே இருந்த பொதுக் குடியிருப்பு மக்கள் அங்கே அதிகம் வரவில்லை. வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டோமே தவிர, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை என்று அதைத் தொடங்கியவர்களில் ஒருவரே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். நீங்கள் அந்தக் கேள்வியை முதல் வருஷத்திலேயே கேட்டுவிடலாம். அங்கே உருவாகும் வேலைகளில் எத்தனை பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு, எத்தனை அறை குறைந்த வாடகைக்கு, எத்தனை நாள் இலவச நுழைவு என்பதை அமைப்பின் விதியிலேயே எழுதிவிடுங்கள். வாய்மொழி வாக்குறுதி அடுத்த குழுவைக் கட்டுப்படுத்தாது.

திறந்த பிறகு

திறப்பு விழா முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கூரை வடிகால் எப்போது சுத்தம் செய்யப்பட்டது, எந்தத் தூணில் விரிசல் எத்தனை மில்லிமீட்டர், எந்த இயந்திரத்துக்கு எப்போது எண்ணெய் விட்டது என்று தேதியோடு எழுதுங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை ஏணி போட்டு ஏறிப் பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

ஓடும் இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவருக்கு இரண்டு மாணவர்களைச் சேர்த்துவிடுங்கள். எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் சரியில்லை என்பதைப் பக்கத்தில் நின்றுதான் பழக முடியும். மூத்தவர் தன் கையை விலக்கிக்கொண்டு இளையவர் கையை நெம்புகோலில் வைக்கும் அந்த நாளையும் பதிவு செய்து வையுங்கள். தேதி, இருவர் பெயர், இயந்திரத்தின் எண் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள்.